மலையகக் காட்டுக்குள் சுடுதண்ணி ஊற்று: உண்மையிலேயே இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மேட்டுலயத்தான் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். ஊர் அக்கரப்பத்தனைப் பக்கம், வேலை கொழும்பில். தைப்பொங்கலுக்கு லீவு எடுத்து வீட்டுக்குப் போகிறேன், பெரியப்பா பிள்ளைகளும் வருகிறார்கள். எங்கள் தோட்டத்துக்கு மேலே தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் ஒரு குழி இருக்கிறதாம், விடியற்காலையில் அதிலிருந்து ஆவி பறக்குமாம், கையை வைத்தால் இதமாகச் சுடுமாம். விறகுக்குப் போன காலத்தில் அதில்தான் கை கால் கழுவிக் குளிர் போக்கினோம் என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், உள்ள பெரியவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஒருவர் அல்ல, பல பேர் சொல்கிறார்கள், அதனால் வெறும் கதை என்று தள்ளவும் மனம் வரவில்லை.

கன்னியாவுக்குப் போயிருக்கிறேன். இராவணன் தாயின் கிரியைக்காகப் பூமியில் குத்திய இடம் என்று சொல்லப்படும் அந்த ஏழு கிணறும் நல்ல இடம்தான், ஆனால் டிக்கட், வரிசை, கூட்டம், வாளியில் அள்ளி ஊற்றிவிட்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். எனக்கு வேண்டியது கட்டடமோ கடையோ இல்லாமல் காட்டுக்குள்ளே அதுபாட்டுக்கு ஊறிக்கொண்டிருக்கும் ஒன்று. அப்பாவுக்கு முழங்கால் வலி, முடிந்தால் அவரையும் கூட்டிப்போகலாம் என்று ஓர் ஆசை. மேலே சொன்ன குழி உண்மையாக இருக்குமா, யாரிடம் அனுமதி கேட்பது, என்ன கொண்டு போவது, இது இல்லையென்றால் மலையகத்திலிருந்து போகக்கூடிய வேறு இயற்கையான ஊற்று எது? தெரிந்ததைச் சொன்னால் பெரிய உதவி.

ஊவாக்காரன் எழுதியது:

தம்பி, நான் பதுளை, கம்பஸில் படித்தது மண்ணியல். முதலில் மனதைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொள்ளுங்கள், அக்கரப்பத்தனை உயரத்தில் உண்மையான வெந்நீர் ஊற்று இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இலங்கையில் அறியப்பட்ட வெந்நீர் ஊற்றுகள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரு கோட்டை ஒட்டித்தான் வருகின்றன. திருகோணமலையில் கன்னியா, பிறகு தெற்கே இறங்கினால் மஹாஓயா, கபுரெல்ல, பதியத்தலாவைப் பக்கம் வஹவ, அப்படியே போய் அம்பாந்தோட்டையில் சூரியவெவவுக்குக் கிட்ட மஹாபெலஸ்ஸ. நடு மலைநாட்டின் அடியில் இருக்கிற ஹைலண்ட் பாறைத் தொகுதியும் கிழக்குச் சமவெளியின் விஜயன் பாறைத் தொகுதியும் சந்திக்கிற எல்லை இந்தப் பக்கத்தால்தான் ஓடுகிறது. அந்த எல்லையை ஒட்டிப் பாறை ஆழமாக வெடித்திருக்கிறது.

நம் நாட்டில் எரிமலை கிடையாது, ஆகவே சூடு எரிமலையிலிருந்து வருவதில்லை. மழைத்தண்ணீர் வெடிப்புகளுக்குள்ளால் கிலோமீற்றர் கணக்கில் கீழே இறங்குகிறது, பூமிக்குள் பொதுவாக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 25 முதல் 30 பாகை வரை சூடு ஏறும், அங்கே சூடேறிய தண்ணீர் வேறொரு வெடிப்பு வழியாக அழுத்தத்தில் மேலே வருகிறது. அது வெளியே வருவதற்கு, தண்ணீர் இறங்கிய இடத்தைவிடத் தாழ்வான நிலம் வேண்டும். மலை உச்சியில் இறங்கும் தண்ணீர் மலை உச்சியிலேயே சுடச்சுட ஏறி வராது, அடிவாரத்தில்தான் வரும். நம் மலைகளில் பெய்கிற மழைக்கும் கிழக்கே ஊறுகிற சுடுதண்ணிக்கும் உறவு இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளலாம், ஆனால் ஊற்று இருப்பது அங்கே.

அப்படியானால் பெரியவர்கள் சொன்னது பொய்யா? இல்லை, அவர்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். நுவரெலியா உயரத்தில் வருடச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 16 பாகை, நிலத்துக்குள் இருந்து வருகிற ஊற்றுத் தண்ணீரும் வருடம் முழுவதும் அதை ஒட்டியே இருக்கும். தை, மாசியில் விடியற்காலை காற்று 5 பாகைக்கும் கீழே போகிற நாட்கள் உண்டு, புல்லில் உறைபனி வெள்ளையாகப் படியும். அந்த நேரத்தில் 16 பாகைத் தண்ணீருக்கு மேலே ஈரக்காற்று குளிர்ந்து ஆவியாகத் தெரியும், விறைத்த கையை உள்ளே வைத்தால் சுடுகிற மாதிரியே இருக்கும். அதே குழியில் மத்தியானம் கையை வையுங்கள், பச்சைத் தண்ணீராகத்தான் தெரியும். ஆகையால் போனால் ஒரு வெப்பமானி கொண்டுபோய் விடியலிலும் உச்சி வெயிலிலும் அளந்து பாருங்கள். இரண்டு வேளையும் 16, 17 என்றே நின்றால் அது நல்ல ஆழமான ஊற்று, அவ்வளவுதான். 25க்கு மேல் காட்டினால் தயவுசெய்து இங்கே வந்து சொல்லுங்கள், அதைப் பார்க்க நானே வருவேன்.

லுணுகலை மாமா எழுதியது:

ஊவாக்காரன் சொன்னது சரி. சுடுதண்ணி வேண்டுமென்றால் கீழே இறங்கத்தான் வேண்டும். உங்கள் பக்கமிருந்து வருவதென்றால் நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை என்று ஏ5 வீதியிலேயே வரலாம், அதே வீதி மஹாஓயா தாண்டிச் செங்கலடிக்குப் போகிறது. கண்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஹுன்னஸ்கிரியா வழியாக 18 வளைவு இறங்கி மஹியங்கனை, பதியத்தலாவ என்று வருவார்கள்.

மஹாஓயாவில் கிணறு கட்டியிருக்கிறார்கள், நீங்கள் கேட்கிற காட்டு ஊற்று அது இல்லை, ஆனால் சூடு பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் பார்க்க வேண்டும், 55 பாகைக்குக் கிட்ட இருக்கும். வஹவ அதைவிடச் சூடு குறைவு, ஆரவாரமும் குறைவு. உண்மையிலேயே காட்டுக்குள் இருப்பது கபுரெல்ல. இலங்கையில் அளந்தவற்றில் மிகச் சூடான ஊற்றுகளில் ஒன்று, ஹிமிதுராவக் குளத்துப் பக்கம் இருக்கிறது. குளம் நிரம்பினால் தண்ணீருக்குள் போய்விடும். அதனால்தான் தைப்பொங்கல் வேண்டாம் என்கிறேன். உங்களுக்கு மேலே தை, மாசி நல்ல வெயில் காலம், எங்கள் கிழக்குச் சரிவுக்கும் அடிவாரத்துக்கும் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும்தான் பெரிய மழை. ஆனி, ஆடி, ஆவணி வாருங்கள், கச்சான் காற்று அடிக்கும், காடு காய்ந்திருக்கும், பாதை தெரியும். வருகிற வழியில் மானாப்புல் மலைகள் அந்த மாதங்களில் லேசாகத் தீப்பிடிக்கும், ஆகவே சிகரெட், அடுப்பு ஒன்றும் வேண்டாம்.

இன்னொன்று, அது யானைக் காடு. கபுரெல்ல மாதிரி இடத்துக்கு ஊர் ஆள் ஒருவர் இல்லாமல் போகவே கூடாது. காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு போய் மூன்று மணிக்கு முன்னால் வெளியே வந்துவிட வேண்டும். புது யானைச் சாணம் கிடந்தால், மரம் புதிதாக முறிந்திருந்தால், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் திரும்பிவிடுங்கள். ஊருக்குள் நுழைந்ததும் கடையிலோ பன்சலையிலோ (பௌத்த விகாரை) பேசி விடயத்தைச் சொல்லி ஆள் கேளுங்கள், கொஞ்சம் சிங்களம் தெரிந்தவர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் நல்லது. கூட வருகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் கணக்குப் பண்ணிக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்.

பனிமலைப் பயணி எழுதியது:

மேட்டுலயத்தான், எதற்கு இவ்வளவு யோசனை? பொங்கலுக்குப் போங்கள், குழியைக் கண்டுபிடியுங்கள், வீடியோ எடுத்து மெப்பில் புள்ளி வையுங்கள். சூடாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடியற்காலை ஆவி பறக்கிற காட்டுக்குளம் என்றால் ஆட்கள் வருவார்கள். வந்தால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி வேலை, லயத்து அம்மாமாருக்கு ரொட்டி, தேத்தண்ணி விற்பனை. எல்ல என்ற ஊர் சுற்றுலாவால் எப்படி மாறியது என்று பாருங்கள். நம் ஆட்கள் நாட்சம்பளத்தையே நம்பி இருக்கிறார்கள், இப்படி ஒரு வழி இருந்தால் ஏன் மறைக்க வேண்டும்?

மேட்டுலயத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஊவாக்காரன் அண்ணே, ஆவி விளக்கத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், "மத்தியானம் யாரும் அங்கே போய்க் கை வைத்துப் பார்த்ததில்லை, அது உண்மைதான்" என்று சொன்னார். ஆனாலும் போய்ப் பார்க்கத்தான் போகிறேன். மாமா, கபுரெல்ல ஆடி மாதத்துக்கு வைத்துக்கொள்கிறோம். அப்பாவின் முழங்காலுக்கு மஹாஓயா தண்ணீர் நல்லதா? அவருக்குச் சீனி வருத்தமும் (நீரிழிவு) இருக்கிறது.

வார்ட் அக்கா எழுதியது:

சீனி வருத்தம் என்று சொன்னதால் எழுதுகிறேன், நான் ஆஸ்பத்திரியில் தாதி. தயவுசெய்து அப்பாவை யோசித்துக் கூட்டிப்போங்கள். நாள்பட்ட சீனி வருத்தக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும், சுடுவது அவர்களுக்கே தெரியாது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே காலை வைத்திருப்பார்கள், மறுநாள் கொப்புளம், அப்புறம் புண், அந்தப் புண் ஆறாமல் விரல் எடுக்கிற அளவுக்குப் போனவர்களை நான் வார்ட்டில் பார்க்கிறேன். 55 பாகைத் தண்ணீர் நல்ல தோலையே அரை நிமிடத்தில் வேகவைத்துவிடும். ஆட்கள் இறங்கி உட்காருகிற தொட்டிகளுக்கே 40 பாகை என்பதுதான் மேல் எல்லை. ஊற்றில் அதற்கு மேல் இருந்தால் அள்ளி வாளியில் ஊற்றி ஆற வைத்து, சீனி வருத்தம் இல்லாத ஒருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே அப்பாவின் முழங்காலில் ஊற்றுங்கள், பாதத்தை உள்ளே விட வேண்டாம். வெந்நீர் முழங்கால் விறைப்பைக் கொஞ்ச நேரம் இளக்கும், அது உண்மை. வாதத்தைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் சுடுதண்ணியில் இறங்கி உட்காரக் கூடாது. குடித்துவிட்டு யாரும் இறங்கக் கூடாது, தலை சுற்றி அதிலேயே சரிந்துவிடுவார்கள்.

வெதுவெதுப்பான, குளோரின் போடாத தண்ணீரில் மூளையைத் தாக்குகிற ஒரு வகை அமீபா இருக்கலாம். வாயால் குடித்தால் அது வராது, மூக்குக்குள் தண்ணீர் ஏறினால்தான் வரும், மிக அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் தப்புவதில்லை. ஆகவே முங்க வேண்டாம், தலையை உள்ளே விட வேண்டாம், பிள்ளைகளைத் தண்ணீர் அடித்து விளையாட விட வேண்டாம். கழுத்துக்குக் கீழே போதும். உடம்பில் வெட்டுக்காயம், அட்டை கடித்த புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. போய் வந்து இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தால், காட்டுத் தண்ணீரில் இறங்கினேன் என்று டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

பீலிக்கரை எழுதியது:

நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை, அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். பனிமலைப் பயணி சொன்ன வருமான விடயத்தை நான் லேசாக எடுக்கவில்லை, எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் மேலே காட்டில் இருக்கிற ஊற்று யாருடைய தண்ணீர் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான லயங்களுக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் இறக்குவது அந்தக் காட்டு ஊற்றுகளிலிருந்துதான். நாங்கள் குடத்தோடு வரிசையில் நின்ற பீலியும் அந்தத் தண்ணீர்தான். இன்றைக்கும் பல இடத்தில் வடிகட்டுவதுமில்லை, மருந்து போடுவதுமில்லை, ஊற்றில் வருவது அப்படியே குடத்தில் விழுகிறது. மேலே ஒரு கூட்டம் சவர்க்காரம் போட்டுக் குளித்து, ஷம்பு பக்கட்டை வீசி, பக்கத்திலேயே ஒதுங்கிவிட்டு வந்தால் கீழே வயிற்றோட்டம் வருவது கைப்பிள்ளைகளுக்கு. மெப்பில் புள்ளி வைத்த பிறகு அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு நீர்வீழ்ச்சிக்கு அப்படி ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு அங்கே ரொட்டி விற்றது வெளியூர் வான்காரர்கள், போத்தலும் பொலித்தீனும் பொறுக்கியது எங்கள் மாணவர்கள்.

வழிகாட்டி வேலை வேண்டும் என்றால் தோட்டத்து ஆட்களே கூடிப் பேசி, எந்த ஊற்று குடிப்பதற்கு, எந்த இடத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போகலாம் என்று அவர்கள் முடிவெடுத்த பிறகு நடக்கட்டும். அதற்கு முன்னால் வீடியோ வேண்டாம் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன்.

போகிற விடயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்துக் காடு எங்கே முடிந்து ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் விசாரியுங்கள். பூங்கா எல்லைக்குள் டிக்கட் எடுத்து, வாசல் வழியாக, விட்ட பாதையில் மட்டும்தான் போகலாம், 1988இலிருந்து அது தேசிய பூங்கா. ஒதுக்கக் காடு என்றால் வனத் திணைக்களத்திடம் அனுமதி வேண்டும், அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். தோட்டக் காணி என்றால் தோட்டத்து முகாமையாளரான துரையிடம் ஒரு வார்த்தை. இந்த மூன்றில் எது என்று வட்டாரக் காட்டு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கிராம சேவகருக்கும் தெரிந்திருக்கும்.

அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் போதும், நீளக் காலுறையை ட்ரௌசருக்கு மேலே இழுத்துவிடுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து எறியாமல் நகத்தால் வழித்து எடுங்கள், இரத்தம் கொஞ்ச நேரம் ஓடத்தான் செய்யும். அட்டையால் யாரும் செத்ததில்லை, குளவியால் செத்திருக்கிறார்கள், கொழுந்து எடுக்கிற இடத்திலேயே குளவி கொட்டி நம் ஆட்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவது மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேதனை. ஆகவே சென்ட் பூசாதீர்கள், காட்டோரத்தில் பட்டாசு வெடிக்காதீர்கள், ட்ரோன் விடாதீர்கள், பாறை இடுக்கிலும் உயர்ந்த மரக் கிளையிலும் கூடு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நடங்கள். பன்றிக்குக் கட்டிய கம்பிச் சுருக்கு தேயிலை ஓரத்தில் கிடக்கும், சிறுத்தை மாட்டிச் செத்தது என்று செய்தியில் வருவது அந்தச் சுருக்கால்தான், உங்கள் காலும் மாட்டும். முன்னால் போகிறவர் கம்பு ஒன்றால் தட்டிக்கொண்டே போகட்டும்.

மழை பெய்தால் போகவே வேண்டாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே மண்சரிவுக்கு முதல் கட்ட எச்சரிக்கை கொடுக்கிறார்கள், 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்வார்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயத்தோடு மண் மூடியதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. சரிவில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், இதுவரை இல்லாத இடத்தில் திடீரென்று ஊறுகிற கலங்கல் தண்ணீர், இவற்றில் எதைக் கண்டாலும் குழியைத் தேடுவதை விட்டுவிட்டுக் கீழே வந்து லயத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள். அது நீங்கள் தேடிய ஊற்றைவிட முக்கியமான செய்தி.

பனிமலைப் பயணி எழுதியது:

டீச்சர், குடிதண்ணீர் விடயத்தை நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. தோட்டத்து ஆட்கள் முடிவெடுத்த பிறகு என்பது நியாயம். ஆனால் ஊவாக்காரன் அண்ணா, கிழக்கே இருக்கிற ஊற்றுகளைப் பற்றி எழுதலாம் இல்லையா? அவை ஏற்கெனவே தெரிந்த இடங்கள்தானே.

ஊவாக்காரன் எழுதியது:

எழுதலாம். மஹாஓயா, கன்னியா, மஹாபெலஸ்ஸ எல்லாம் ஊரறிந்த இடங்கள், எவ்வளவு பேர் வந்தாலும் அங்கே கிணறும் கட்டும் இருக்கின்றன. கபுரெல்ல மாதிரி இடத்துக்குப் பெயரைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன், வழியை ஊர் ஆள் காட்டட்டும். எங்கே போனாலும் ஊற்று வாயைத் தோண்டாதீர்கள், கல்லை நகர்த்தி அணை கட்டாதீர்கள், நாணயம் போடாதீர்கள். வெடிப்பு வழியாக வருகிற தண்ணீர், அடைத்தால் இன்னொரு பக்கம் திரும்பிவிடும், பிறகு அந்த இடத்தில் வெறும் சேறுதான் மிஞ்சும்.

மேட்டுலயத்தான் எழுதியது:

முடிவெடுத்துவிட்டோம். பொங்கலுக்கு நானும் பெரியப்பா மகன் ஒருவரும் மட்டும், காட்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டு, முன்னாள் காவற்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மேலே போகிறோம். குளிக்கப் போவதில்லை, விடியலிலும் மத்தியானமும் அளந்துவிட்டு வந்துவிடுவோம், படம் எதுவும் போட மாட்டோம். அளவு மட்டும் இங்கே எழுதுகிறேன். ஆடியில் மஹாஓயா, அப்பாவுக்கு வாளித் தண்ணீர்தான். வீட்டில் காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி இருக்கிறது, அது போதுமா?

ஊவாக்காரன் எழுதியது:

போதாது. காய்ச்சல் வெப்பமானி உடம்புச் சூட்டை ஒட்டிய சில பாகைகளை மட்டும்தான் காட்டும், உங்கள் குழிக்கும் பயன்படாது, மஹாஓயாவுக்கும் பயன்படாது. பாடசாலை ஆய்வுகூடத்தில் பாவிக்கிற, உள்ளே சிவப்புத் திரவம் இருக்கிற 0 முதல் 100 வரையான ஒன்றை வாங்குங்கள், பாதரசம் உள்ளது வேண்டாம், உடைந்தால் அந்தத் தண்ணீரே கெட்டுப்போகும். நூலில் கட்டி ஊற்று வாய்க்குக் கிட்ட ஐந்து நிமிடம் விட்டு, தண்ணீருக்குள் இருக்கும்போதே வாசியுங்கள். அதே நேரம் நிழலில் காற்றின் அளவையும் எடுத்து இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.